பேராலய ஆர்கன் தேய்ந்துபோனால்: பழுதுபார்ப்பதா, திருத்திக் கட்டுவதா, புதிதாகச் செய்வதா?

இங்கிலாந்தில் ஒரு பேராலயத்தின் குழல் ஆர்கன் தளர்ந்துபோனால் நிர்வாகத்தின் முன் நான்கு வழிகள் இருக்கும். இருப்பதை இருந்தபடியே பழுதுபார்க்கலாம். பழைய குழல்களை வைத்துக்கொண்டு இயக்கமுறையையும் ஒலியமைப்பையும் திருத்திக் கட்டலாம். பழையதை இறக்கிவிட்டுப் புதிதாகச் செய்யலாம். குழலே வேண்டாம் என்று டிஜிட்டலுக்கும் போகலாம். செலவும் காலமும் நான்கிலும் வேறு வேறு. பிடிக்கவில்லை என்றால் பழைய நிலைக்குத் திரும்ப முடியுமா என்பதும் அப்படியே.

கூட்டங்களில் பேச்சு வழக்கமாக ஒலியிலிருந்துதான் தொடங்கும். மேல்ஸ்தாயியில் பளிச்சென்று இல்லை, நடுக்கூடத்தின் கடைசி வரிசைக்கு எட்டவில்லை, இன்னும் ஒரு டூபா, அதாவது மிக உரத்த ஒலிவரிசை, இருந்தால் நன்றாக இருக்கும் என்பார்கள். ஆனால் முதலில் பார்க்க வேண்டியவை துருத்திகளின் தோலும் காற்றும். அடுத்தது ஆர்கன் நிற்கிற இடம். ஒலியமைப்பு மூன்றாவதாக வந்தால் போதும். இந்த வரிசை மாறியதால்தான் கடந்த நூற்றாண்டில் நல்ல கருவிகள் சில தேவையில்லாமல் கலைக்கப்பட்டன.

இந்தக் கருவிக்கு என்ன வேலை என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வாரத்தின் பெரும்பாலான நாட்களில் ஈவன்சாங் என்ற மாலை ஆராதனை பாடப்படுகிறது. விவிலியத்திலிருந்து அன்றைய சங்கீதங்கள், மக்னிஃபிகாட், நுங்க் டிமிட்டிஸ் என்ற இரண்டு விவிலியப் பாடல்கள், ஆந்தம் என்ற குழுப்பாடல் ஒன்று ஆகியவற்றைப் பாடகர் குழு பாடும். முடிவில் ஆர்கன் தனியாக ஒலிக்கும். அதற்கு முன் ஒத்திகை. ஆகவே ஆர்கனின் உழைப்பில் பெரும்பங்கு சிறுவர் சிறுமியர் குரலுக்குத் துணை போவதிலேயே கழிகிறது. சங்கீதத்தின் ஒரு வரியில் இடி முழங்கும், அடுத்த வரியில் பனி பெய்யும். வாசிப்பவர் குரலை மூழ்கடிக்காமல் அந்த மாற்றத்தைக் காட்ட வேண்டும். இதற்குக் கதவுகளைத் திறந்து மூடி ஒலியைக் கூட்டிக் குறைக்கிற ஸ்வெல் பெட்டியும், அதற்குள் 16, 8, 4 அடி ரீடுகளும் (நாக்கு அதிர்ந்து ஒலிக்கும் குழல்கள்; அடிக்கணக்கு குழல் நீளத்தால் சுருதியைக் குறிக்கும்), மென்மையான தந்தி ஒலி ஸ்டாப்புகளும் (ஒரு குமிழை இழுத்தால் ஒலிக்கும் குழல் வரிசைகள்), ஒன்றன் மேல் ஒன்றாகத் தெரியாமல் ஏறுகிற படிகளும் தேவை. இசையமைப்பாளர் பாக்கின் படைப்புகள் அழகாக ஒலிக்கிற ஆர்கன் இந்த வேலையில் தடுமாறுவது உண்டு.

இன்னொன்று. இன்றைய பேராலயங்கள் பலவற்றில் இசை இயக்குநர் பாடகர் குழுவை நடத்துகிறார். தினமும் வாசிப்பவர் அவருடைய உதவியாளர். ஆர்கனின் குறைகளை எழுதித் தரச் சொன்னால் இந்த உதவியாளரிடம்தான் சொல்ல வேண்டும். எந்தச் சுரம் குளிர்காலத்தில் ஊமையாகிறது, எந்த ஸ்டாப்பை ஒரு வருடமாகத் தொடவே இல்லை என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

முதலில் எது பழுது என்று பிரித்துப் பாருங்கள்

ஆர்கனில் குழல்தான் அதிக காலம் உழைக்கும் பாகம். ஈயமும் வெள்ளீயமும் கலந்த குழல் சரியாகத் தாங்கப்பட்டால் 300 ஆண்டும் நிற்கும். தோல் அப்படி இல்லை. துருத்திகளின் மடிப்புகளிலும் மூலைகளிலும் ஒட்டிய ஆட்டுத்தோல் 50 முதல் 70 ஆண்டுகளில் உலர்ந்து வெடிக்கும். விசைக்குக் கட்டுப்பட்டுத் திறந்து மூடும் சிறு காற்றுப் பைகளில் மெல்லிய தோல் இருக்கிறது. அது இன்னும் முன்னதாகவே போய்விடும். ஒரு பெரிய ஆர்கனில் இவை ஆயிரக்கணக்கில் இருக்கும், ஏறக்குறைய ஒரே வயதில் சாகும். அதனால்தான் 40 ஆண்டு நன்றாக ஓடிய கருவி கடைசி ஐந்து ஆண்டில் சட்டென்று சரிகிறது. வாசிப்பவர் இதை ஆர்கனே செத்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறார். உண்மையில் செத்தது தோல்.

சோதனைகள் எளிமையானவை, கூடுதல் கருவி எதுவும் வேண்டாம். எல்லா ஸ்டாப்புகளையும் மூடிவிட்டு ஊதுவிசிறியைப் போட்டு உள்ளே நின்று கேளுங்கள். சீறல் எங்கே என்று காது சொல்லும். பிறகு விசிறியை நிறுத்தித் துருத்தியின் மேல்பலகை இறங்கும் வேகத்தைப் பாருங்கள். மெல்ல இறங்கினால் தோல் நன்றாக இருக்கிறது. தொப்பென்று விழுந்தால் போய்விட்டது. அடுத்து முதன்மை விசைப்பலகையான கிரேட்டில் மேல்ஸ்தாயி ஒலிக்கோவை ஒன்றைப் பிடித்துக்கொண்டு, காலால் வாசிக்கும் பெடலில் 16 அடி ஸ்டாப்போடு குறுகிய தட்டுகள் தட்டுங்கள். மேலே சுருதி ஆடினால் காற்றுக் குழாய் ஒடுக்கம், அல்லது துருத்தி போதவில்லை.

சவுண்ட்போர்டு என்பது குழல்கள் நிற்கும் மரப்பெட்டி. ஒவ்வொரு சுரத்துக்கும் உள்ளே ஒரு தடம். நவீன வெப்பமூட்டல் வந்தபின் இந்த மரம் குளிர்காலத்தில் வறண்டு வெடித்து, ஒரு தடத்தின் காற்று பக்கத்துத் தடத்துக்குக் கசிகிறது. ஒரே ஒரு ஸ்டாப்பை இழுத்துக்கொண்டு சுரங்களை ஒவ்வொன்றாக அழுத்தினால் பக்கத்துக் குழல் முனகுவது கேட்கும். ஈரப்பதம் ஏறும் கோடையில் இதே குறை மறைந்துவிடும். ஆகவே சோதனையை பிப்ரவரியில் செய்ய வேண்டும், ஆகஸ்டில் செய்து நிம்மதி அடையக் கூடாது.

கையை எடுத்த பிறகும் ஒலித்துக்கொண்டே இருக்கும் சுரத்தைச் சைஃபர் என்பார்கள். ஸ்டாப்பை மூடினால் நின்று, அதே விசைப்பலகையின் வேறு ஸ்டாப்பை இழுத்தால் அதே சுரம் மறுபடி ஒலித்தால், அடைப்பான் சரியாக மூடவில்லை: தூசி, தளர்ந்த சுருள்வில், அல்லது சாய்ந்த தோல். இரண்டு விசைப்பலகைகளை இணைக்கும் கப்ளரை எடுத்தவுடன் நின்றால் கோளாறு மின் இணைப்பில். முதலாவது சில நிமிட வேலை. இரண்டாவது அடிக்கடி வந்தால் மொத்த மின்பரிமாற்றமும் மாற்ற வேண்டிய வயதுக்கு வந்துவிட்டது. பருத்தி சுற்றிய பழைய கம்பிகள் தீப்பிடிக்கும் அபாயமும் உள்ளவை. மற்ற எதையும் தள்ளிப்போடலாம், இதைத் தள்ளிப்போடக் கூடாது.

சுருதிக் குறையைப் பழுதுக் கணக்கில் சேர்க்காதீர்கள். வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால், நாக்கில்லாமல் விசில்போல் ஒலிக்கும் ஃப்ளூ குழல்களின் சுருதி ஏறக்குறைய 3 சென்ட் ஏறும். ஒரு அரைச்சுரத்துக்கு 100 சென்ட். பித்தளை நாக்கு அதிர்ந்து ஒலிக்கும் ரீடு குழல்கள் அவ்வளவு நகராது. 20 டிகிரியில் சுருதி சேர்த்த ஆர்கனை 12 டிகிரியில் வாசித்தால் ஃப்ளூக்கள் சுமார் 24 சென்ட் இறங்கியிருக்கும். ரீடுகள் அபசுரமாகக் கேட்கும். கெட்டுப்போனது எதுவும் இல்லை. ஆராதனை வேளையில் இருக்கும் வெப்பத்திலேயே சுருதி சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். சூடான காற்று மேலே போவதால், மேல்தளத்தில் இருக்கும் சோலோ பிரிவும் கீழே இருக்கும் கிரேட்டும் பிரிந்து போவதும் இதே காரணத்தால்.

இருந்தபடியே பழுதுபார்த்தல்

சாலிஸ்பரி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. "ஃபாதர்" வில்லிஸ் என்று அழைக்கப்படும் ஹென்றி வில்லிஸ் 1877இல் அங்கே கட்டிய ஆர்கன், அவருடைய ஒலியை ஏறத்தாழ அப்படியே வைத்திருக்கும் சில பெரிய கருவிகளில் ஒன்று. அது தற்செயல் இல்லை. மூன்று மன்னர்களின் முடிசூட்டு விழாக்களில் ஆர்கன் வாசித்த வால்டர் அல்காக் அங்கே 1917 முதல் 1947 வரை ஆர்கனிஸ்டாக இருந்தார். 1934இல் முடிந்த சீரமைப்பின்போது, தமக்குத் தெரியாமல் ஒலியை மாற்றிவிடுவார்களோ என்று சில பாகங்களைப் பேராலயத்தைவிட்டு வெளியே எடுத்துப்போகவே அவர் சம்மதிக்கவில்லை. 2019–20இல் ஹாரிசன் & ஹாரிசன் மறுபடி சீரமைத்தபோது, திருப்பி வைப்பதற்கு மூல ஒலி கைவசம் இருந்தது அந்தப் பிடிவாதத்தின் பலன்.

வேலையின் படிகள் ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒன்றே. எதையும் தொடும் முன் ஒவ்வொரு குழல்வரிசையின் அளவும், காற்றழுத்தமும், குழலின் வாயான காற்றுப் பிளவின் உயரமும் எழுதப்பட வேண்டும். ஒவ்வொரு ஸ்டாப்பையும் ஒலிப்பதிவு செய்து வைக்க வேண்டும். பிறகு சாரம் கட்டி, சிறிய குழல்களை எண்ணிட்ட தட்டுகளில் வரிசையாக அடுக்கி இறக்குவார்கள். 32 அடிக் குழல்களை முடிந்தவரை நின்ற இடத்திலேயே விட்டுச் சுத்தம் செய்வார்கள். அவற்றை நகர்த்துவதில்தான் நசுங்கும் அபாயம் அதிகம். பட்டறையில் துருத்திகளின் பழைய தோலை ஊறவைத்து உரித்துப் புதுத் தோல் ஒட்டுவார்கள். சவுண்ட்போர்டைக் கழற்றி, தடங்களுக்குள் சூடான பசையை ஊற்றிக் கசிவை அடைப்பார்கள். மேல்பலகை மிகவும் வெடித்திருந்தால் அதை மட்டும் மாற்றுவார்கள். அடைப்பான்களுக்குப் புதிய ஃபெல்ட்டும் தோலும். குழல்களைக் கழுவி, ஒடுங்கியவற்றை உருளையில் நிமிர்த்தி, தன் எடையாலேயே நசுங்கிய பாதங்களுக்கு மட்டும் புது உலோகம் வைத்துப் பற்றவைப்பார்கள்.

தவறு நடப்பது பெரும்பாலும் ரீடுகளில். வில்லிஸ் ரீடுகளின் குணம் பித்தளை நாக்கின் வளைவில் இருக்கிறது. தாழ்ஸ்தாயியில் நாக்கின் நுனியில் அவர் சிறு பித்தளை எடைகளைத் திருகியிருப்பார். சுத்தம் செய்கிற சாக்கில் நாக்கைத் தேய்த்து மறுபடி வளைத்தால் மூல ஒலி போனது போனதுதான். ஃப்ளூக்களில் இதற்கு இணையான பாவம் வாயை உயர்த்தி வெட்டுவது. காற்றழுத்தத்தை நீர்மட்ட அளவில் அரை அங்குலம் கூட்டினால் குழல் ஒழுங்காகப் பேச வாயை உயர்த்த வேண்டியிருக்கும். வெட்டிய உலோகத்தைத் திரும்ப ஒட்டுவது ஆயிரக்கணக்கான குழல்களில் நடக்கிற காரியம் இல்லை. ஒப்பந்தத்தில் "காற்றழுத்தம் மாற்றப்படாது, வாய் வெட்டப்படாது, நாக்கு மறுவளைவு செய்யப்படாது" என்று மூன்று வரி தனியாக எழுதுங்கள். நல்ல கட்டுநர் இதற்கு முகம் சுளிக்க மாட்டார்.

இந்த வழிக்கு ஒரு வரம்பு உண்டு. மூலத்திலேயே இல்லாததை இது தராது. 1877இல் வில்லிஸ் சாலிஸ்பரி ஆர்கனைப் பாடகர் இருக்கைகளின் இருபுறமும் பிரித்து வைத்தார். பாடகர்களுக்கு அது அருமையான ஏற்பாடு. நடுக்கூடம் நிறைந்த கூட்டம் கீர்த்தனை பாடும்போது அதே ஏற்பாடு சிரமம் தரும். தோலை மாற்றுவதால் இது தீராது.

திருத்திக் கட்டுதல்

பெரிய பேராலயங்களில் பெரும்பாலானவை போகிற வழி இதுதான், பெரும்பாலான சச்சரவும் இதில்தான். குழல்களில் பெரும்பகுதி நிற்கும். இயக்கமுறை, வாசிப்பவர் அமரும் கன்சோல், உள்ளமைப்பு, சில ஸ்டாப்புகள் மாறும்.

யார்க் மின்ஸ்டரில் 2018இல் தொடங்கிய வேலையில் 5,403 குழல்கள் இறக்கப்பட்டு டர்ஹமில் உள்ள ஹாரிசன் பட்டறைக்குப் போயின. 2021இல் கருவி மறுபடி ஒலித்தது. செலவு சுமார் 20 லட்சம் பவுண்டு. 1829இல் ஜொனாதன் மார்ட்டின் என்பவர் வைத்த தீயில் பழைய ஆர்கன் எரிந்த பிறகு எலியட் & ஹில் கட்டியதிலிருந்து தொடங்கி, 1903இல் வாக்கர், முதல் உலகப் போர்க்காலத்தில் ஹாரிசன், 1960இல் மறுபடி வாக்கர் என்று ஒவ்வொரு தலைமுறையும் கை வைத்த கருவி அது. இப்படிப்பட்ட ஆர்கனில் "மூலநிலைக்குத் திருப்புங்கள்" என்றால் எந்த மூலம் என்ற கேள்வி வரும். ஒரு காலகட்டத்தைத் தேர்ந்துகொண்டு, அதோடு ஒத்துப்போகாத சேர்க்கைகளை மட்டும் நீக்குவதே நடைமுறை. யார்க்கில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருந்த கனத்த ரொமாண்டிக் குணம் முன்னுக்கு வந்தது.

கேன்டர்பரியின் கதை வேறு. அங்கே வில்லிஸ் 1886இல் மின்விசையால் இயங்கும் ஆர்கனைக் கட்டி, குழல்களைப் பாடகர் இடத்தின் தென்புற மேல்மாடத்தில், கண்ணில் படாதபடி வைத்தார். மின்சாரம் இல்லாமல் இந்த இடம் சாத்தியமே இல்லை. 1970களின் முடிவில் மேண்டர் நிறுவனம் அதை 3 விசைப்பலகைகளாகச் சுருக்கியது. 2018–20இல் ஹாரிசன் மறுபடி நான்காக்கி, வடபுற மேல்மாடத்திலும் குழல்களை வைத்தார்கள். ஒரு தலைமுறை வேண்டாம் என்று எடுத்ததை அடுத்தது பணம் கொடுத்துத் திரும்ப வாங்குவது ஆர்கன் உலகில் புதிதில்லை.

குளோஸ்டரில் இதன் கடுமையான வடிவத்தைப் பார்க்கலாம். 1666இல் தாமஸ் ஹாரிஸ் செய்த கருவியின் அழகான பேழை, பாடகர் இடத்தைப் பிரிக்கும் கல்திரை மேல் நிற்கிறது. அதற்குள் இருந்த வில்லிஸ்–ஹாரிசன் ரொமாண்டிக் ஆர்கனை, 1971இல் ஆர்கன் வடிவமைப்பாளர் ரால்ஃப் டௌன்ஸின் ஆலோசனையோடு ஹில், நார்மன் & பியர்ட் தெளிவும் கூர்மையும் உள்ள நியோகிளாசிக்கல் கருவியாக மாற்றினார்கள். பாக்குக்கும் பிரெஞ்சு இசைக்கும் அது சுறுசுறுப்பாகப் பேசியது. அரை நூற்றாண்டுக்குப் பின் அந்த 17ஆம் நூற்றாண்டுப் பேழைகளுக்குள் புதிய ஆர்கன் கட்ட மால்வர்னின் நிக்கல்சன் நிறுவனத்திடம் வேலை கொடுக்கப்பட்டது. டௌன்ஸே பின்னணியில் இருந்த செயின்ட் ஆல்பன்ஸ் ஆர்கனை எடுத்துக்கொண்டால் முடிவு வேறாக இருக்கிறது. 1962இல் ஆர்கனிஸ்ட் பீட்டர் ஹர்ஃபோர்டின் காலத்தில் ஹாரிசன் கட்டிய அந்தக் கருவி 2000களின் முடிவில் விரிவாக்கப்பட்டு இன்றும் நிற்கிறது. 1962இல் தெளிவாக ஒரு நோக்கத்தோடு கட்டியதால் அதன் அடிக்குணத்தை வைத்தே பின்னால் சேர்க்க முடிந்தது. ஆகவே "அறுபதுகளின் ஆர்கன் என்றாலே மாற்று" என்கிற இன்றைய பேச்சும் "ரொமாண்டிக் என்றாலே சேறு" என்கிற அன்றைய பேச்சும் ஒரே வகைப் பிழை.

திருத்திக் கட்டுவதில் கண்ணை மூடிக்கொண்டு சம்மதிக்கக்கூடிய மாற்றங்கள் உண்டு: புதிய மின்பரிமாற்றம், ஒவ்வொரு வாசிப்பாளருக்கும் தனித்தனியாக நினைவு நிலைகள், ஸ்டாப்புகளை ஒரே அழுத்தில் மாற்றும் பிஸ்டன்கள், இயக்குநரைப் பார்க்கும் கேமராத் திரை, சுருதி சேர்ப்பவர் நடக்கச் சரியான பலகைகளும் ஏணிகளும். கடைசியாகச் சொன்னது அற்பமாகத் தெரியும். கை எட்டாத குழலுக்கு யாரும் சுருதி சேர்க்க மாட்டார்கள், பத்தாண்டில் அந்த வரிசையையே வாசிப்பவர் மறந்துவிடுவார். இவை எல்லாவற்றையும் பின்னால் மாற்றிக்கொள்ளலாம். புதிய ஸ்டாப்புகளைத் தனி சவுண்ட்போர்டில் வைத்துச் சேர்ப்பதும் அப்படியே. பழைய வரிசையை எடுத்துவிட்டு அதன் இடத்தில் வேறொன்றை வைப்பதும், பழைய குழலை வெட்டி வேறு ஸ்டாப்பாக்குவதும் இந்தப் பட்டியலில் சேராது. எடுத்தே ஆக வேண்டும் என்றால் எடுத்த வரிசையை எண்ணிட்டுக் கட்டிடத்துக்குள்ளேயே பத்திரப்படுத்துங்கள்.

இடம்

ஒலிக்குறை என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி இடத்தின் குறை. யார்க், லிங்கன், எக்ஸெட்டர், குளோஸ்டர், நார்விச், வெல்ஸ் ஆகிய இடங்களில் ஆர்கன் பாடகர் இடத்துக்கும் நடுக்கூடத்துக்கும் இடையே உள்ள கல்திரை மேல் நிற்கிறது. இரண்டு பக்கமும் பேசும். கட்டடத்தின் நீளப் பார்வையை மறைக்கிறது என்று 19ஆம் நூற்றாண்டில் பல ஊர்களில் அதைக் கீழே இறக்கினார்கள். செயின்ட் பால்ஸில் வில்லிஸ் 1872இல் பழைய பேழையை இரண்டாகப் பிரித்துப் பாடகர் இடத்தின் இருபுறமும் வைத்தது இந்த அலையின் சாதனை. டர்ஹமிலும் 1876இல் அதே ஏற்பாடு. பாடகர்களுக்கு அருகில் வந்தது, நடுக்கூடத்துக்குத் தொலைவானது.

இதைச் சத்தத்தால் ஈடுகட்டப் பார்ப்பது தவறான மருந்து. மறைவான அறைக்குள் இருக்கும் குழல்களின் அழுத்தத்தைக் கூட்டினால் அருகில் நிற்பவர் காது அடைக்கும், தொலைவில் தெளிவு கூடாது. ஒலி நொடிக்கு 340 மீட்டர் போகிறது. 60 மீட்டருக்கு அப்பால் இருக்கும் கூட்டம் ஆறில் ஒரு பங்கு நொடி தாமதமாகக் கேட்டு, அதற்குமேல் தாமதமாகப் பாடும். எவ்வளவு பெரிய டூபாவும் இதைத் திருத்தாது. நடுக்கூடத்திலேயே ஒரு சிறு பிரிவு வைத்து, அதே கன்சோலிலிருந்து வாசிப்பதே தீர்வு: 8, 4, 2 அடி, உயர்சுரக் குழல்கள் பல சேர்ந்து ஒலிக்கும் ஒரு மிக்ஸ்சர், 16 அடி பெடல் என்று ஆறேழு ஸ்டாப்புகள் கீர்த்தனைக்குப் போதும். லிவர்பூல் போன்ற இடங்களை இதற்கு உதாரணமாக்காதீர்கள். ஃபாதர் வில்லிஸின் பேரன் மூன்றாம் ஹென்றி வில்லிஸ் 1926இல் முடித்த அந்த ஆர்கனில் 10,268 குழல்கள். அதன் டூபா மேக்னாவுக்கு 50 அங்குல நீர்மட்ட அழுத்தம். சாதாரண ஃப்ளூக்களுக்கு 3, 4 அங்குலமே வழக்கம். அந்தக் கட்டடத்தின் கன அளவுக்கு அது பொருத்தம். நடுத்தரப் பேராலயத்தில் ஆபத்து.

புதிதாகச் செய்தல்

மூன்று சூழ்நிலைகளில் இது நியாயம்: பழைய கருவியில் காப்பாற்ற ஒரே குரல் என்று எதுவும் இல்லாதபோது, இடத்தையே மாற்றப்போகும்போது, பழைய உள்ளமைப்பு மிகவும் நெருக்கமாகி எந்தப் பாகத்தையும் கழற்றாமல் இன்னொன்றை எட்ட முடியாதபோது.

மான்செஸ்டரில் முதல் இரண்டும் பொருந்தின. 1940 குண்டுவீச்சில் பேராலயம் சேதமடைந்தது. போருக்குப் பின் அமைந்த ஆர்கன் எல்லாத் திசைக்கும் எட்டவில்லை. ஆர்கன் கட்டுநர் கென்னத் டிக்கெல் வடிவமைத்த புதிய கருவி பாடகர் இடத்துத் திரை மேல் ஏறியது. அவர் 2014இல் இறந்த பின் அவருடைய பட்டறை அதை 2017இல் முடித்தது. ஆர்கன் திரைக்குத் திரும்பியதுதான் அங்கே பெரிய லாபம். புதுக்குழல்கள் அடுத்த பட்சம்.

வூஸ்டரில் கணக்கு அவ்வளவு சுத்தமாக இல்லை. 1896இல் ராபர்ட் ஹோப்-ஜோன்ஸ் தம் மின்சாரப் புதுமைகளோடு கட்டி, 1925இல் ஹாரிசன் மாற்றிய ஆர்கன் அது. அதை அகற்றிவிட்டு 2008இல் டிக்கெல் பாடகர் இடத்தில் புதிய ஆர்கன் வைத்தார். பாடகர்களுக்குத் துணை என்கிற அளவில் மிகச் சிறந்த வேலை. ஆனால் தென்புற குறுக்குக் கூடத்தில் 1874இன் பிரமாண்டமான பேழை நிற்க, அதற்குள் வைக்க நினைத்த பெரிய ஆர்கனுக்குத் தனியாகப் பணம் தேட வேண்டியதாயிற்று. இரண்டு கட்டமாகத் திட்டமிடுகிறவர்கள் முதல் கட்டத்தோடு நின்றுபோனாலும் ஞாயிறு ஆராதனை நடக்குமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

புதியது என்று முடிவானால் இயக்கமுறைக் கேள்வி வரும். ஆக்ஸ்ஃபோர்டு கிறைஸ்ட் சர்ச்சில் ஆஸ்திரியாவின் ரீகர் நிறுவனம் 1979இல் பழைய பேழைக்குள் 4 விசைப்பலகை, 43 ஸ்டாப் கொண்ட இயந்திர விசை ஆர்கனைக் கட்டியது. விரலின் அசைவு மரக்கம்பிகள் வழியே நேராக அடைப்பானுக்குப் போவதால் தொடுகை துல்லியம். மின்னணுப் பாகம் குறைவு என்பதால் ஆயுள் அதிகம். விலை என்னவென்றால், வாசிப்பவர் ஆர்கனோடு ஒட்டி உட்கார வேண்டும், பாடகர்களை நேரில் பார்க்க முடியாது; குழல்களை மூன்று இடத்தில் சிதறி வைக்கவும் முடியாது. சின்னப் பேராலயத்துக்கு இயந்திர விசை. நீண்ட கட்டடத்தில், நடுக்கூடப் பிரிவும் வேண்டுமென்றால் மின்விசை. இரண்டும் வேண்டுமென்று இரண்டு கன்சோல் கேட்பவர்கள் பராமரிப்புச் செலவையும் இரண்டாகப் போட்டுக்கொள்ளட்டும்.

டிஜிட்டல்

பெரிய வேலை நடக்கும் இரண்டு ஆண்டுக்கு வாடகை டிஜிட்டல் ஆர்கன் தேவைப்படும். அதற்கு அது நல்ல தீர்வு. ஒலிபெருக்கிகளை நல்ல உயரத்தில், பல இடங்களில், 16 ஹெர்ட்ஸ் அருகே போகும் தாழ்சுரத்துக்குத் தனிப் பெட்டிகளோடு வைத்தால் பாடகர்கள் பழகிவிடுவார்கள். நிரந்தரத் தீர்வாகக் கணக்குப் போட்டால் 20 ஆண்டுக்கு ஒருமுறை முழுதாக மாற்ற வேண்டியிருக்கும். தோல் மாற்றும் இடைவெளிக்குள் இரண்டு, மூன்று முறை வாங்குகிறோம். வாசிப்பவருக்குக் கிடைப்பது இன்னொருவருடைய ஆர்கனின் பதிவு, இந்தக் கட்டடத்தின் எதிரொலிக்கு மேல். பேழைக்குள் இருக்கும் பழைய குழல்களை விற்கும் யோசனையோடு இது வந்தால் அப்போதே மறுத்துவிடுங்கள்.

எந்த நிலைக்கு எது

குழல்கள் ஒரே கட்டுநருடையவை, காற்றழுத்தம் மாறவில்லை, குறை தோலிலும் கம்பியிலும்தான் என்றால் பழுதுபார்ப்பதைத் தவிர வேறு வழியைப் பற்றிப் பேசவே வேண்டாம். பல கை பட்ட கருவி, ஆனால் அடிநாதமாக நல்ல டயபேசன்களும் (ஆர்கனின் அடிப்படை ஒலிக் குழல்கள்) ஸ்வெல்லும் இருக்கின்றன, இடமும் சரி என்றால் திருத்திக் கட்டலாம். ஒலி மாற்றங்களைப் பத்து ஸ்டாப்புக்குள் நிறுத்துங்கள். இடம் மட்டுமே குறை என்றால் பழுதுபார்த்து, நடுக்கூடப் பிரிவு ஒன்று சேர்த்தால் போதும். புதிய ஆர்கனின் செலவில் சிறு பங்குதான். இடமும் தப்பு, குழலும் சுமார் என்றால் மட்டும் புதியது.

எதைத் தேர்ந்தாலும் கருவிகட்டுநர் தரும் அறிக்கைக்கு முன்பாக, எந்த நிறுவனத்தோடும் தொடர்பில்லாத ஆலோசகரிடம் அறிக்கை வாங்குங்கள். பேராலயத்தின் கட்டடக் குழுவோ, தேசிய அளவில் இங்கிலாந்துப் பேராலயக் கட்டட ஆணையமோ அனுமதி தர வேண்டும். பழைய ஆர்கன்களுக்குத் தரச்சான்று தரும் பிரிட்டிஷ் ஆர்கன் ஆய்வு நிறுவனம் உங்கள் கருவியை எந்த வகுப்பில் வைத்திருக்கிறது என்பதும் கேட்கப்படும். இதை ஒப்பந்தத்துக்குப் பின் கண்டுபிடித்தால் ஓராண்டு வீணாகும். பேர்பெற்ற பட்டறைகளில் ஏற்கெனவே காத்திருப்பு வரிசை நீளம். ஆகவே தோல் முழுவதும் விழும்வரை காத்திருக்காமல் முதல் சைஃபர் அலை வந்தவுடனேயே அறிக்கை கேட்க வேண்டும்.

மதிப்பீட்டில் பெரும்பாலும் விட்டுப்போகும் இரண்டு செலவுகள்: சாரமும், இறுதி ஒலிச் சீரமைப்பும். குழல்களைத் திருப்பி வைத்தபின் ஒவ்வொன்றையும் அந்தக் கட்டடத்தின் எதிரொலியில் சமன் செய்ய வாரக்கணக்கில் முழு அமைதி வேண்டும். பகலில் சுற்றுலாப் பயணிகள் இருப்பதால் இது இரவு வேலை. காவலர், வெப்பம், விளக்கு எல்லாம் கணக்கில் வர வேண்டும். இந்த நாட்களைக் குறைத்துப் பணம் மிச்சம் பிடித்த ஆர்கன் பிறகு எப்போதும் ஏதோ ஒரு சுரத்தில் துருத்திக்கொண்டே இருக்கும். கடைசித் தவணையைத் திறப்பு விழாவன்று கொடுத்துவிடாதீர்கள். புது மரமும் புதுத் தோலும் வெப்பமூட்டலோடு கூடிய முதல் குளிர்காலத்தைக் கடந்து, பிப்ரவரியில் அதே கசிவுச் சோதனைகளை மறுபடி செய்து பார்த்த பிறகு கொடுக்கலாம்.